ஒரே இடம், பல பொழுது: இயற்கையை போட்டோ எடுக்கப் பழகுறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

நான் கேமரா தூக்க ஆரம்பிச்ச முதல் மூணு வருஷமும் ஓடிக்கிட்டேதான் இருந்தேன். லீவு கிடைச்சா மலை, அடுத்த லீவுக்கு கடல், அதுக்கடுத்து காடு, எல்லா இடத்துக்கும் மத்தியானம் போய் இறங்குறது, கண்ணுல பட்டதையெல்லாம் எடுக்குறது, பொழுது சாயுறதுக்குள்ள திரும்புறது. ஹார்ட் டிஸ்க் ரொம்பிருச்சு. ஆனா உக்காந்து பாத்தா, அங்க நின்னப்போ மேல பட்ட குளிரோ மண்வாசமோ அந்த அமைதியோ ஒரு படத்துல கூட இல்ல. அப்புறம் ஒரு வருஷம் எங்கயும் போக முடியாத சூழ்நிலை. நடந்து போற தூரத்துல ஒரு குளம், அதோட கரையில தண்ணிப் பக்கமா சாஞ்சு நிக்கிற ஒரு மரம், எனக்குக் கிடைச்சது அவ்ளோதான். அந்த ஒரு வருஷத்துலதான் நான் போட்டோ எடுக்கக் கத்துக்கிட்டேன்.

சங்கப் பாட்டைப் பத்திப் படிச்சப்போ முதற்பொருள், கருப்பொருள்னு மனப்பாடம் பண்ணியிருப்போம், ஞாபகம் இருக்கா? முதற்பொருள்னா நிலமும் பொழுதும். முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, பாலைக்கு நண்பகல், குறிஞ்சிக்கு யாமம். காடு, வயல்னு நிலத்தை மட்டும் சொன்னா பாட்டுக்குப் போதல, அது எந்தப் பருவம், ஒரு நாள்ல எந்த நேரம்னும் சேந்தாத்தான் அது ஒரு இடமா மனசுல நிக்குது. அங்க இருக்குற பறவை, மரம், விலங்கு எல்லாம் அதுக்கு அப்புறம் வர்ற கருப்பொருள். போட்டோவுக்கு இதைவிட நல்ல பாடம் நான் எங்கயும் படிக்கல. நாம பெரும்பாலும் நிலத்தைத் தேடி ஓடுறோம், பொழுதை விட்டுடுறோம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான் இருக்கும், போன் கேமரா வச்சிருக்கவங்களும் கூடவே வரலாம்.

படி 1: நடந்து போற தூரத்துல ஒரு இடம் பிடிங்க

புது லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிடுங்க. வீட்டுல இருந்து பத்து பதினஞ்சு நிமிஷத்துல நடந்து போயிடுற இடமா இருக்கணும், ஏன்னா காலைல எந்திரிச்சு ஜன்னலைத் திறந்து வானம் நல்லாருக்குன்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் கிளம்ப முடியணும், ஒரு மணி நேரம் பஸ்ல போகணும்னா ஒரே மாசத்துல விட்டுடுவீங்க. கொஞ்சம் தண்ணி இருந்தா ரொம்ப நல்லது, வானத்துல நடக்குறது எல்லாம் கீழயும் ஒரு தடவ நடக்கும். ஒரு மரமாவது வேணும். கிழக்கோ மேற்கோ ஏதாவது ஒரு பக்கம் கட்டடம் மறைக்காம வானம் திறந்திருக்கணும். பார்க்கோட ஒரு மூலை, ஆத்தோரம், ஒண்ணுமே இல்லன்னா மொட்டை மாடி, எதுவா இருந்தாலும் சரி.

கூடவே ஒரு சின்ன நோட்டு வச்சுக்கோங்க. தேதி, மணி, காத்து எந்தப் பக்கம் இருந்து, மேகம் எப்படி, இந்த நாலு மட்டும் எழுதினா போதும். ஜான் கான்ஸ்டபிள்னு ஒரு இங்கிலாந்து ஓவியர் 1821லயும் 1822லயும் லண்டன் பக்கத்துல ஹாம்ப்ஸ்டட்ல நின்னு வெறும் மேகத்தை மட்டும் எண்ணெய் வண்ணத்துல வரைஞ்சு தள்ளினாரு, அதுல பலதோட பின்பக்கம் தேதி, நேரம், காத்தோட திசை எல்லாம் அவரே எழுதி வச்சிருக்காரு. படத்தைத் திருப்பினா அன்னைக்குப் பொழுது எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுடும். கேமரா நேரத்தைத் தானா பதிஞ்சுக்கும்தான், ஆனா காத்தும் மேகமும் அதுல இருக்காது, நாம கையால எழுதும்போதுதான் அதைக் கவனிக்கவே ஆரம்பிப்போம்.

படி 2: முதல் அஞ்சு தடவ கேமராவை வெளிய எடுக்காதீங்க

இது பலருக்குப் பிடிக்காது, ஆனா இதைத் தாண்டிப் போக வேண்டாம். இருபது நிமிஷம் சும்மா உக்காருங்க. முதல் அஞ்சு நிமிஷம் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். நீங்க வந்த சத்தத்துல பறந்த பறவை, முங்கின தவளை எல்லாம் அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா திரும்ப வரும்.

எனக்கு அப்படி நாலாவது நாள் கிடைச்சது ஒண்ணு. காலை ஒரு ஒன்பது மணி இருக்கும், கரையோரம் தண்ணி முழங்கால் அளவுதான், அடி மண்ணு தெளிவாத் தெரியுது. தண்ணி மேல நடக்குற பூச்சி ஒண்ணு, நீளக் காலை அகட்டி வச்சுக்கிட்டு நிக்குது. பூச்சி என்னவோ ஈர்க்குச்சித் துண்டு மாதிரி ஒல்லி. ஆனா கீழ மண்ணுல விழுந்த நிழலைப் பாத்தா, ஒவ்வொரு காலுக்கும் பொட்டு வச்ச மாதிரி பெருசா ஒரு கருப்பு வட்டம், அதைச் சுத்தி மெல்லிசா ஒரு வெளிச்ச விளிம்பு. கால் அழுத்துற இடத்துல தண்ணியோட தோல் குழிஞ்சு போகுது, அந்தக் குழி ஒரு லென்ஸ் மாதிரி வெளிச்சத்தை வெளிப்பக்கமா விரிச்சு விட்டுடுது, அதான் பூச்சியோட காலை விட நிழல் அவ்ளோ பெருசு. பூச்சி ஒரு எட்டு வழுக்குச்சுன்னா அந்த வட்டங்களும் மண்ணு மேல சேந்து வழுக்குது. மேல பூச்சியைப் பாத்துக்கிட்டு இருந்த வரைக்கும் நான் இதைக் கவனிக்கவே இல்ல. அந்த நிழலை எடுக்க எனக்கு அப்புறம் ரெண்டு மாசம் ஆச்சு, ஏன்னா சூரியன் அந்த உயரத்துல இருக்கணும், காத்து இருக்கக் கூடாது, தண்ணி கலங்கி இருக்கக் கூடாது.

இன்னொண்ணு, சூரியன் எங்க உதிக்குதுன்னு ஒரு மரத்தையோ கம்பத்தையோ அடையாளம் வச்சுக் குறிச்சுக்கோங்க. சூரியன் சரியா கிழக்குல உதிக்கிறது வருஷத்துக்கு ரெண்டே தடவதான், மார்ச் 20ம் செப்டம்பர் 22ம் ஒட்டி. மத்த நாள் எல்லாம் ஜூன் 21 வரைக்கும் வடக்க நகந்து, அப்புறம் டிசம்பர் 21 வரைக்கும் தெக்க நகந்துக்கிட்டே இருக்கும். இன்னைக்கு மரத்துக்குப் பின்னாடி உதிக்கிற சூரியன் மூணு மாசம் கழிச்சு அங்க இருக்காது. இது தெரிஞ்சுட்டா எந்தப் படத்துக்கு எந்த மாசம் வரணும்னு நீங்களே சொல்லிடுவீங்க.

படி 3: வெளிச்சத்தைப் படிக்கிறது

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது அதோட வெளிச்சம் காத்துமண்டலத்துல ரொம்ப தூரம் பயணம் பண்ணி வருது. வர்ற வழியில நீல நிறம் சிதறிப் போயிடும், மிச்சம் மஞ்சளும் சிவப்பும்தான் நம்மகிட்ட வந்து சேரும். அதுலயும் சாய்வா விழுறதால புல்லு, மரப்பட்டை, மண்கட்டி எல்லாத்துக்கும் நீள நிழல் விழுந்து அதோட சொரசொரப்பு கண்ணுக்குத் தெரியும். இதைத்தான் கோல்டன் ஹவர்னு சொல்றாங்க. பேரு ஹவர்னு இருந்தாலும் ஒரு மணி நேரம் நீடிக்கும்னு நம்பிடாதீங்க, பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல சூரியன் செங்குத்தா இறங்குறதால சீக்கிரமே முடிஞ்சுடும், துருவத்துப் பக்கம் போகப் போக மணிக்கணக்குல நீளும். சூரியன் மறைஞ்சதும் பெட்டியைக் கட்டிட்டுக் கிளம்புறவங்க நிறைய பேரு, அவங்க விடுறதுதான் ப்ளூ ஹவர். வானம் ஆழமான நீலமா மாறி, தண்ணி அதை வாங்கிக்கிட்டு, தெரு விளக்கு மஞ்சள் புள்ளியா நிக்கிற அந்த இருபது நிமிஷத்துக்காகவே ட்ரைபாட் தூக்கிட்டுப் போலாம்.

மூடின வானத்தை வீணான நாள்னு நினைக்க வேண்டாம். மேகம் ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி வெளிச்சத்தை மெத்துன்னு ஆக்கிடும், பூ, பாசி, காட்டுக்குள்ள மரம், அருவி இதுக்கெல்லாம் அந்த வெளிச்சம்தான் சரி. மழை விட்டதும் இலையோட பச்சை ஒரு படி ஏறி நிக்கும். அதே நாள்ல வானத்தை ஃப்ரேமுக்குள்ள கொண்டு வந்தா வெறும் வெள்ளையா வெளுத்துப் போகும், வானத்தை வெட்டிட்டு எடுங்க. உச்சி வெயில் கஷ்டம்தான், ஆனா கருப்பு வெள்ளைக்கும், காஞ்ச பூமிக்கும், கட்டாந்தரையில விழுற கூர்மையான நிழலுக்கும் அதுதான் பொழுது. பாலைக்கு நண்பகலைச் சரியாத்தான் வச்சிருக்காங்க.

வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருதுங்கிறதும் முக்கியம். முதுகுப் பக்கம் சூரியன் இருந்தா நிறம் நல்லா வரும், ஆனா எல்லாம் தட்டையா இருக்கும். பக்கவாட்டுல இருந்து வந்தா மேடு பள்ளம் தெரியும். எதிர்ல இருந்து வந்தா இலை விளக்கு மாதிரி எரியும், சிலந்தி வலை, பனித்துளி, விலங்கோட முடி எல்லாத்துக்கும் வெள்ளிக் கோடு விழும். எனக்கு எப்பவும் எதிர் வெளிச்சம்தான் பிடிக்கும், தப்பு நிறைய நடக்கும், ஆனா சரியா அமைஞ்சா வேற எதுவும் அதுக்கு ஈடு இல்ல.

க்ளோட் மோனே 1890 கோடை முடிவுல தன் வீட்டுக்குப் பக்கத்து வயல்ல இருந்த வைக்கோல் போரை வரைய ஆரம்பிச்சாரு. வெளிச்சம் மாற மாற அடுத்த கேன்வாஸ், இன்னும் மாறினா அதுக்கடுத்த கேன்வாஸ்னு மாத்தி மாத்தி வரைஞ்சு 1891க்குள்ள கிட்டத்தட்ட 25 ஓவியம் ஆச்சு. எல்லாத்துலயும் இருக்குறது அதே வைக்கோல்தான். ஒண்ணுல பனி மூடியிருக்கும், ஒண்ணுல போரு சிவந்து தணல் மாதிரி இருக்கும். இதையே உங்களுக்கான பயிற்சியா வச்சுக்கோங்க: உங்க மரத்தை ஒரே இடத்துல நின்னு, ஒரே ஃப்ரேம்ல, விடிகாலை, காலை ஒன்பது, உச்சி, சாயங்காலம், இருட்டுற நேரம்னு அஞ்சு படம் எடுங்க. அதை மழைக்கு அப்புறம் ஒரு நாள், மூட்டமான ஒரு நாள், பனி விழுற ஒரு நாள் திரும்பப் பண்ணுங்க. இருபது படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தீங்கன்னா வெளிச்சம்னா என்னன்னு வேற யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

ஒரே ஒரு செட்டிங் மட்டும் இங்கயே சொல்லிடுறேன். இந்தப் பயிற்சி பண்ணும்போது வைட் பேலன்ஸை ஆட்டோல விடாதீங்க, டேலைட்ல வச்சிடுங்க. ஆட்டோல இருந்தா கேமரா சாயங்காலத்து ஆரஞ்சையும் விடிகாலை நீலத்தையும் ‘சரி’ பண்ணி ரெண்டையும் நடுவாந்தரமா ஆக்கிடும், அப்புறம் என்னத்துக்கு அஞ்சு மணிக்கு எந்திரிச்சோம்.

படி 4: கேமராகிட்ட பேசுறது

மூணே மூணு விஷயம்தான், மத்தது எல்லாம் இதோட கிளை. அப்பர்ச்சர்ங்கிறது லென்ஸுக்குள்ள இருக்குற துளை. எஃப் 2.8னா பெருசு, எஃப் 16னா சின்னது, நம்பர் ஏற ஏற துளை சுருங்கும். துளை பெருசா இருந்தா பின்னாடி எல்லாம் மங்கிப் போகும், சின்னதா இருந்தா முன்னாடி கல்லுல இருந்து பின்னாடி மலை வரைக்கும் தெளிவா வரும். நிலக்காட்சிக்கு எஃப் 8ல இருந்து எஃப் 11 வரை நல்ல இடம், எஃப் 22க்குப் போனா எல்லாம் இன்னும் ஷார்ப்பா வரும்னு நினைக்க வேண்டாம், ரொம்பச் சின்னத் துளையில வெளிச்சம் வளைஞ்சு பரவுறதால படம் மொத்தமும் லேசா சொத சொதன்னு ஆயிடும்.

ஷட்டர் ஸ்பீடுங்கிறது எவ்ளோ நேரம் வெளிச்சத்தை உள்ள விடுறோம்ங்கிறது. பறக்குற பறவையோட இறக்கை உறையணும்னா 1/2000 நொடி வேணும். அருவித் தண்ணி பட்டு நூல் மாதிரி வரணும்னா அரை நொடில இருந்து ரெண்டு நொடி, அப்போ ட்ரைபாட் கட்டாயம். கையில பிடிச்சு எடுக்கும்போது ஃபோக்கல் லெங்த்தை, அதாவது லென்ஸ்ல எம்எம்னு போட்டிருக்குற எண்ணை, ஒண்ணுக்குக் கீழ போட்டுக்கோங்க, அதுதான் ஷட்டர் ஸ்பீடு, 200 எம்எம் லென்ஸுன்னா 1/200க்குக் குறையக் கூடாது, இப்போ லென்ஸுலயே கேமராவுலயே ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசேஷன் இருந்தா இதுல கொஞ்சம் சலுகை உண்டு. மூணாவது ஐஎஸ்ஓ, வெளிச்சம் பத்தாதப்போ சிக்னலைத் தூக்கிக் கொடுக்குறது, ஏத்த ஏத்த புள்ளி புள்ளியா வரும். ஆனா புள்ளி இருக்குற தெளிவான படத்தை வச்சுக்கலாம், ஆடிப்போன படத்தை ஒண்ணும் பண்ண முடியாது, அதனால ஐஎஸ்ஓ ஏத்தப் பயப்படாதீங்க.

நல்ல வெயில்ல வெளிச்சம் அளக்குற மீட்டரே இல்லாம எடுக்க ஒரு பழைய கணக்கு உண்டு. அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் ஸ்பீடு ஐஎஸ்ஓவோட தலைகீழ், அதாவது ஐஎஸ்ஓ 200னா 1/200. நிலாவுக்கு எஃப் 11 வச்சு அதே கணக்கு. நிலாவுக்கு ஏன் பகல் மாதிரி செட்டிங்னு கேக்கலாம், அதுவும் வெயில்ல காயுற ஒரு பாறைதானே. இந்த மாதிரி மனக்கணக்குக்கு எவ்ளோ மதிப்புன்னு அமெரிக்க போட்டோகிராஃபர் ஆன்செல் ஆடம்ஸோட ஒரு படம் சொல்லும். 1941 நவம்பர் 1ம் தேதி சாயங்காலம் நியூ மெக்ஸிகோவுல ஹெர்னாண்டஸ்ங்கிற ஊரைக் கடந்து வண்டியில போறாரு, கல்லறைச் சிலுவைகள் மேல கடைசி வெயில், மேல நிலா. அவசர அவசரமா பெரிய கேமராவை நிறுத்துறாரு, வெளிச்சம் அளக்குற மீட்டர் எங்கன்னு தெரியல. நிலாவோட பிரகாசம் எவ்ளோங்கிற எண் அவருக்கு மனப்பாடமா தெரியும், அதை வச்சுக் கணக்கு போட்டு ஒரு படம் எடுத்தாரு, அடுத்த படத்துக்கு ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புறதுக்குள்ள சிலுவை மேல இருந்த வெயில் போயிடுச்சு. இருக்குறது அந்த ஒரே நெகட்டிவ்தான்.

நம்ம கேமராவுக்கு ஒரு குணம் உண்டு, எதைக் காட்டினாலும் அதை நடுத்தர சாம்பல் நிறம்னு நினைச்சுக்கும். அதனால ஃப்ரேம் முழுக்க வெள்ளைக் கொக்கோ பனியோ இருந்தா அழுக்கு வெள்ளையா இருட்டாக்கிடும், அப்போ எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பிளஸ் மைனஸ் செட்டிங்கை, பிளஸ் 1ல இருந்து பிளஸ் 2 வரை ஏத்துங்க. ஃப்ரேம் முழுக்கக் கருப்பா இருந்தா அதை வெளுக்கப் பாக்கும், அங்க மைனஸ் பக்கம் இறக்குங்க. ஆனா இருட்டான பின்னணியில ஒரே ஒரு வெள்ளைக் கொக்குன்னா கதை மாறிடும், கேமரா இருட்டைப் பாத்து வெளிச்சத்தை ஏத்தி கொக்கோட இறகையெல்லாம் எரிச்சுடும், அங்கயும் மைனஸ்தான். ஸ்கிரீனைப் பாத்து முடிவு பண்ண வேண்டாம், வெயில்ல ஸ்கிரீன் பொய் சொல்லும். படத்துல இருட்டும் வெளிச்சமும் எவ்ளோ இருக்குன்னு காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்க, வலது ஓரத்துல முட்டி நின்னா அந்த வெள்ளையில விவரம் போயிடுச்சுன்னு அர்த்தம்.

ரா ஃபைல்ல எடுங்க, கேமரா பதிஞ்சதை அப்படியே வச்சிருக்குற ஃபைல் அது. ஜேபெக்ல ஒரு நிறத்துக்கு 256 படிதான், 14 பிட் ராவுல 16,384 படி இருக்கு, மங்கலான பனிமூட்டத்தையும் சாயங்கால வானத்தையும் எடிட் பண்ணும்போது வித்தியாசம் தெரியும். ஃபில்டர்ல ஒண்ணே ஒண்ணு வாங்குறதா இருந்தா போலரைசர் வாங்குங்க, தண்ணி மேல, ஈர இலை மேல இருக்குற பளபளப்பை எடுக்குறதை எந்த எடிட்டிங்காலயும் பண்ண முடியாது. சூரியனுக்குப் பக்கவாட்டா, 90 டிகிரியில நின்னாத்தான் வானத்துல அது நல்லா வேலை செய்யும். ரொம்ப வைட் லென்ஸ்ல போட்டா வானம் ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெளிர்னு திட்டு திட்டா வரும், பாத்துக்கோங்க.

போன் வச்சிருக்கவங்க முதல்ல லென்ஸைத் துணியால துடைங்க, பாதிப் படம் கெடுறது விரல் ரேகையாலதான். ஸ்கிரீனை அழுத்திப் பிடிச்சா ஃபோகஸும் எக்ஸ்போஷரும் லாக் ஆயிடும், அப்புறம் விரலைக் கீழ இழுத்து வெளிச்சத்தைக் குறைச்சீங்கன்னா சாயங்கால வானம் அதோட நிறத்துல நிக்கும்.

படி 5: ஓவியருங்க கிட்ட ஃப்ரேம் கத்துக்கிறது

ஃப்ரேமை மூணு மூணா பிரிச்சு அந்தக் கோட்டுல முக்கியமானதை வைக்கிற மூணுல ஒரு பங்கு விதி எல்லாரும் சொல்லிக் கேட்டிருப்பீங்க, அதை ஒரு வாரத்துல கத்துக்கிட்டு ஓரமா வச்சிடுங்க. எனக்கு ஃப்ரேம் போடச் சொல்லிக் கொடுத்தது ஜப்பான் மரச்செதுக்கு ஓவியங்கள். ஹிரோஷிகே 1857ல வரைஞ்ச கமெய்டோ பிளம் தோட்டம்னு ஒண்ணு இருக்கு. தோட்டத்தைக் காட்டணும், ஆனா அவர் மூக்குக்கு முன்னாடி ஒரு மரத்தோட தடிச்ச கிளையைக் குறுக்க வச்சுட்டாரு, படத்தோட பெரும்பகுதியை அது அடைச்சு நிக்குது, தோட்டமும் மனுசங்களும் அதோட இடுக்கு வழியா தூரத்துல சின்னதா தெரியுறாங்க. பாக்குறப்போ நாமளே அந்த மரத்தடியில நிக்கிற மாதிரி இருக்கும். வான் கோ 1887ல இதைப் பாத்து எண்ணெய் வண்ணத்துல அப்படியே வரைஞ்சு பழகியிருக்காரு. குளத்துல நான் இதைத்தான் பண்ணிப் பாத்தேன், மரத்துல இருந்து நாலடி பின்னாடி தள்ளி நின்னு எடுத்துக்கிட்டு இருந்தவன், கிளைக்குள்ள தலையை விட்டு எடுத்ததும் படம் வேறயா ஆயிடுச்சு.

ஹொகுசாயோட அலை ஓவியத்தைப் பாக்காதவங்க கிடையாது. அது ஃபியூஜி மலையோட காட்சிகள்னு எழுபது வயசுல அவர் வரைஞ்ச தொடர்ல ஒண்ணு, 36னு ஆரம்பிச்சு மொத்தம் 46ல போய் நின்னது. அந்த அலைக்குக் கீழ, நடுவுல, ஒரு குட்டி அலை மாதிரி உக்காந்திருக்கே, அதுதான் மலை. பெருசை சின்னதாக்கிக் காட்டுற துணிச்சல் அது. நீங்களும் உங்க மரத்தை ஃப்ரேமோட ஓரத்துல விரல் நகம் அளவுக்கு வச்சு மிச்சத்தை எல்லாம் வானத்துக்கு விட்டுப் பாருங்க. 17ம் நூற்றாண்டு டச்சுக்காரங்க தட்டையான ஊர்ல இருந்துக்கிட்டு அடிவானத்தை ரொம்பக் கீழ இறக்கி முக்கால்வாசி ஓவியத்தை மேகத்துக்கே கொடுத்தாங்க, அந்த வழியும் இதுதான்.

எடுக்கும்போது கண்ணைப் பாதி மூடிப் பாருங்க, விவரம் எல்லாம் போய் இருட்டும் வெளிச்சமும் திட்டுத் திட்டா மட்டும் தெரியும், அந்தத் திட்டுகளே அழகா உக்காந்திருந்தா படம் நிக்கும். அப்புறம் ஃப்ரேமோட நாலு ஓரத்தையும் ஒரு சுத்து கண்ணால நடந்து வாங்க, பாதி வெட்டின இலை, வெளுத்த குச்சி, பின்னாடி கம்பி, எல்லாம் ஓரத்துலதான் ஒளிஞ்சிருக்கும்.

படி 6: உயிருள்ளதை எடுக்கும்போது

அதோட கண் மட்டத்துக்கு இறங்குங்க. நின்னுக்கிட்டு வாத்தை எடுத்தா வாத்து தெரியும், படுத்துக்கிட்டு எடுத்தா வாத்து வாழுற உலகம் தெரியும். ஃபோகஸ் எப்பவும் கண்ணுல. பறவையைத் துரத்தாதீங்க, அதோட வழக்கத்தைக் கத்துக்கோங்க, மீன்கொத்தி திரும்பத் திரும்ப ஒரே கிளைக்குத்தான் வந்து உக்காரும், அந்தக் கிளைக்கு ஃபோகஸ் பண்ணி வச்சிட்டுக் காத்திருந்தா போதும்.

இதுல சிலதை நான் கறாராவே சொல்றேன். கூட்டுக்குப் பக்கத்துல போகாதீங்க, இலையை விலக்கி எடுக்காதீங்க, நீங்க விலக்கின வழியிலதான் காக்காவும் பாம்பும் வரும். பறவையோட குரலை போன்ல போட்டு வரவழைக்காதீங்க. இரை போட்டு இழுக்காதீங்க. அரிதான உயிரினத்தை எடுத்தா படத்துல இருக்குற ஜிபிஎஸ் தகவலை அழிச்சிட்டு வெளியிடுங்க. பறவை தலையைத் தூக்கி உங்களையே பாத்துக்கிட்டு இருந்தா அது சாப்பிடுறதை நிறுத்திடுச்சுன்னு அர்த்தம், நீங்க பின்னாடி போகணும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துற காட்டுயிர் போட்டோ போட்டியில 2009ல ஒரு ஓநாய் படத்துக்கு முதல் பரிசு கொடுத்தாங்க, அது காட்டு ஓநாய் இல்ல, பழக்கின ஓநாயா இருக்கும்னு நடுவர்கள் முடிவுக்கு வந்து 2010 ஜனவரியில பரிசைத் திரும்ப எடுத்துட்டாங்க. படம் அழகாத்தான் இருந்துச்சு. காட்டுல நடந்ததா நம்பித்தான் நாம அதைப் பாக்குறோம், அந்த நம்பிக்கை போச்சுன்னா அழகு மட்டும் என்ன செய்யும்.

படி 7: கிட்டப் போறது

ரொம்பக் கிட்டத்துல எடுக்குற மேக்ரோ லென்ஸ் இருந்தா நல்லது, இல்லன்னா லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டுற எக்ஸ்டென்ஷன் ட்யூப் போதும். விடிகாலையில போங்க, காத்து இருக்காது, பூச்சி குளிர்ல அசையாது, புல்லு நுனியில பனித்துளி நிக்கும். துளிக்குள்ள ஃபோகஸ் பண்ணிப் பாருங்க, பின்னாடி இருக்குற மரம் தலைகீழா முழுசா உள்ள நிக்கும். இவ்ளோ கிட்டத்துல ஃபோகஸ் ஆழம் சில மில்லிமீட்டர்தான், அதனால கேமராவோட முகம் பூச்சியோட உடம்புக்கு இணையா இருக்கணும். வில்சன் பென்ட்லின்னு அமெரிக்காவுல வெர்மான்ட்ல ஒரு விவசாயி, மைக்ராஸ்கோப்பையும் கேமராவையும் சேத்துக் கட்டி 1885ல முதல் பனிப்படிகத்தைப் படம் எடுத்தாரு, வாழ்நாள் முழுக்க 5000க்கும் மேல எடுத்தாரு. எல்லாம் அவர் வீட்டு முத்தத்துல விழுந்த பனி.

படி 8: ராத்திரி

ட்ரைபாட், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, நிலா இல்லாத இரவு. நட்சத்திரம் கோடா இழுக்காம இருக்க 500ஐ ஃபோக்கல் லெங்த்தால வகுங்க, 24 எம்எம்னா சுமார் 20 நொடி. ஃபோகஸை மேனுவல்ல போட்டு ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை ஸ்கிரீன்ல பெருசாக்கி அது ஊசிமுனை ஆகுற வரைக்கும் திருப்புங்க. இதுக்கு மேல நகர வெளிச்சம் இல்லாத இடம் வேணும், அது ஒண்ணுதான் நடந்து போற தூரத்துல கிடைக்காம போகலாம்.

படி 9: உலகத்தோட படங்களைப் பாக்குறது

ஒரு நாளைக்கு ஆயிரம் படத்தைத் தள்ளிவிட்டுப் பாக்குறோம், வாரத்துக்கு ஒரே ஒரு படத்தைப் பத்து நிமிஷம் பாருங்க. வெளிச்சம் எங்க இருந்து வருது, மணி என்ன இருக்கும், அவர் எந்த உயரத்துல நின்னாரு, ஃப்ரேமுக்கு வெளிய எதை விட்டாரு, இந்த நாலையும் நோட்டுல எழுதுங்க.

கார்ல்டன் வாட்கின்ஸ் 1861ல அமெரிக்காவோட யோசமிட்டி பள்ளத்தாக்குல எடுத்த படங்கள்ல இருந்து ஆரம்பிக்கலாம். 18க்கு 22 அங்குலம் கண்ணாடித் தகடுகள், அதுக்கேத்த ராட்சத கேமரா, எல்லாத்தையும் கோவேறு கழுதை மேல ஏத்திக்கிட்டு மலைக்குள்ள போனாரு. அந்தப் படங்கள் கிழக்குக் கரை வரைக்கும் போய் சேந்துச்சு, 1864ல லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்குற சட்டத்துல கையெழுத்துப் போட்டதுக்கு அதுவும் துணையா இருந்துச்சு. அதே மாதிரி வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1871ல எல்லோஸ்டோன்ல எடுத்த படங்கள், அடுத்த வருஷமே அது தேசியப் பூங்காவாச்சு. பிரேசில் போட்டோகிராஃபர் செபஸ்தியோ சல்காடோ 2004ல இருந்து 2011 வரைக்கும் எட்டு வருஷம் மனுசன் கை படாத நிலங்களைக் கருப்பு வெள்ளையில எடுத்தாரு. அதுக்கு முன்னாடியே அவரும் மனைவியும் பிரேசில்ல காஞ்சு போன குடும்பப் பண்ணையில மரம் நடுறதுக்காக 1998ல ஒரு அமைப்பை ஆரம்பிச்சிருந்தாங்க, இருபது லட்சத்துக்கும் மேல மரம் அங்க வந்துச்சு. நிலாவைச் சுத்தி வந்த அப்பல்லோ 8 விண்கலத்துல 1968 டிசம்பர் 24ம் தேதி விண்வெளி வீரர் பில் ஆண்டர்ஸ் நிலாவோட விளிம்புக்கு மேல பூமி எழும்புறதைப் பாத்துட்டு அவசரமா கலர் ஃபிலிம் கேட்டு வாங்கிப் போட்டு எடுத்த படம் இருக்கே, அதை நான் எத்தனை தடவ பாத்தாலும் நெஞ்சு ஒரு நொடி நிக்கும். நிலாவைப் படம் எடுக்கப் போனவங்க, நாம இருக்குற இடத்தை எடுத்துட்டு வந்தாங்க.

படி 10: தேர்ந்தெடுக்கிறது, எடிட், ப்ரிண்ட்

எடுத்த அன்னைக்கே தேர்ந்தெடுக்காதீங்க, கஷ்டப்பட்டு எடுத்த படம்னா அது நல்ல படம்னு மனசு சொல்லும். ஒரு மாசம் கழிச்சுப் பாருங்க. நூறுக்கு அஞ்சு நின்னா நிறைய. எடிட்ல முதல்ல அடிவானத்தை நேராக்குங்க, அப்புறம் வெளிச்சம், அப்புறம் கான்ட்ராஸ்ட், நிறம் கடைசியில. நோட்டைத் திறந்து அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு படிச்சிட்டு ஸ்லைடரைத் தொடுங்க, மூட்டமான காலையைச் சாயங்காலம் மாதிரி மஞ்சளாக்கினா அந்தப் பொழுதே அழிஞ்சு போகும். எல்லா ஃபைலையும் மூணு காப்பி வைங்க, ரெண்டு வேற வேற டிஸ்க்ல, ஒண்ணு வீட்டுக்கு வெளிய. என்கிட்ட ஒரே காப்பி இருந்த காலத்துல ஒரு டிஸ்க் செத்து ஒரு மழைக்காலம் முழுசும் போச்சு, அந்த மழை திரும்ப வராது.

ப்ரிண்ட் போடுங்க. 6000க்கு 4000 பிக்சல் படத்தை ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளின்னு போட்டா 20 அங்குல அகலம் வரும், சுவத்துல மாட்ட அது போதும். மேட் பேப்பர் பனிமூட்டத்துக்கும் கருப்பு வெள்ளைக்கும், பளபள பேப்பர் தண்ணிக்கும் இறகுக்கும்னு நான் வச்சிருக்கேன், உங்க கண்ணுக்கு மாறலாம். முதல்ல சின்னதா ஒண்ணு போட்டு ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க, ஸ்கிரீன்ல இருந்ததை விட கொஞ்சம் இருட்டா இருக்கும், அதுக்கேத்த மாதிரி லேசா ஏத்தி பெருசு போடுங்க. பெரிய ப்ரிண்ட் காஞ்சதும் திருப்பி வச்சு, பின்பக்கம் பென்சிலால இடம், தேதி, மணி, காத்தோட திசை, மேகம், அஞ்சையும் எழுதிட்டு அப்புறம் ஃப்ரேம் போடக் கொடுங்க.